கடல்கோளும் கண்மாயும்: செட்டிநாட்டு மரபுரையும் மண்ணின் சான்றும்

முன்னுரை

பண்டை மக்கள் வாழ்வை இயற்கையின் சீற்றங்கள் எவ்வாறு மாற்றின என்னும் வினா, இலக்கியம் பயில்வார்க்கும் அகழாய்வு புரிவார்க்கும் பொதுவாக உரியது. தமிழகத்தில் இவ்வினா எழுந்த அளவிலேயே கடல்கோள் என்னும் சொல் நம் நினைவிற்கு வருகின்றது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதெனச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. புகார் நகரைக் கடல் கொண்டதென மணிமேகலை மொழிகின்றது. இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றையே கடல்கோளோடு இயைத்துக் கூறுகின்றது. இவற்றைப் பயின்ற நமக்கு, பேரழிவு என்றாலே கடலின் அழிவு என்று எண்ணும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இப்பழக்கம் எத்துணை பொருத்தமுடையது என்பதை ஆராய்தற்குச் செட்டிநாடு தகுந்ததோர் இடமாகும். காரைக்குடியை நடுவாகக் கொண்டு சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்நிலப்பகுதியில் வாழும் நகரத்தார், தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தினின்று வந்தவர் என்றும், கடல்கோளே அவரைப் பெயர்த்ததென்றும் கூறுவர். உயர்ந்த அடித்தளத்தின்மேல் எழுப்பப்பட்ட அவர்தம் மனைகளையும் கடலச்சத்தின் அடையாளம் என்று காட்டுவாருளர். கடலினின்று 40 கிலோமீட்டருக்கு மேல் உள்ளடங்கிய வானம் பார்த்த பூமியில் கடல்கோளின் நினைவு இவ்வாறு நிலைபெற்றிருத்தல் வியப்பிற்குரியதே. அந்நினைவிற்கும் அகழாய்வு காட்டும் உண்மைக்கும் இடையே உள்ள உறவு யாது என்பதையும், இந்நிலத்து மக்கள் வாழ்வை உண்மையில் உருவாக்கிய இயற்கை இடர் எது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

மரபுரை கூறுவன

நகரத்தார் மரபுரை, அவர்தம் முன்னோர் நாகநாட்டிலிருந்து காஞ்சிக்கும், காஞ்சியிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்திற்கும், ஆண்டிருந்து பாண்டி நாட்டிற்கும் பெயர்ந்தனர் என்று கூறும். பாண்டி நாட்டில் அவர்கள் முதற்கண் தங்கிய இடம் இளையாற்றங்குடி. பின்னர் இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்களைச் சார்ந்த பிரிவினராயினர். பாண்டி நாடு புகுந்த ஆண்டைக் கலி 3808, அதாவது கி.பி. 707, என மரபு குறிக்கும்.

இப்பெயர்ச்சிக்குக் காரணம் யாது எனக் கேட்கும்பொழுது மரபுரை ஒருமைப்பட்ட விடை தருவதில்லை. சோழ மன்னன் ஒருவன் தம் குலத்தார்க்கு இழைத்த கொடுமை ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றது. பாண்டிய மன்னன் தன் நாட்டிற்கு நல்ல வணிகரை வேண்டி அழைத்தமை மற்றொன்று. கடல்கோள் மூன்றாவது. இவற்றுள் முதலிரண்டும் அரசியல் சார்ந்தவை. மூன்றாவதே இயற்கை சார்ந்தது. இக்காலத்தில் நூல்களிலும் உரையாடல்களிலும் மூன்றாவதே பெருவழக்காகி, மற்றை இரண்டும் பின்னிடைந்தன. பேரழிவுக் கதை கேட்பார் உள்ளத்தைக் கவர்வது. கேட்டார் எளிதில் மறவாதது. ஆயினும் மனத்தில் நிற்கும் ஆற்றல் ஒரு செய்திக்கு வரலாற்று உறுதியை அளித்துவிடாது. மரபுரையைப் பொய்யென ஒதுக்குதலும், முழுதும் மெய்யெனக் கொள்ளுதலும் ஆராய்ச்சி நெறியாகா. அது எதனை நினைவில் வைத்தது, எதனை மறந்தது என்று பிரித்துக் காண்டலே நம் கடமை.

புகார் மண்ணின் சான்று

காவிரிப்பூம்பட்டினத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1962ஆம் ஆண்டு தொடங்கி 1973 வரை பல பருவங்களில் அகழாய்வு செய்தனர். கீழையூரில் செங்கற்களால் அமைந்த படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 18 மீட்டர் நீளமும் 7.6 மீட்டர் அகலமும் உடைய அம்மேடையின் அருகே, படகு கட்டுதற்கு நடப்பெற்ற மரத்தூண்களின் அடிப்பகுதிகளும் கிடைத்தன. அம்மரத்தைக் கரிமக் கணிப்பிற்கு உட்படுத்தியபொழுது கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் தெரியவந்தது. வானகிரியில், காவிரிக் கால்வாயின் நீரைத் தேக்குதற்கென வளைவாகக் கட்டிய செங்கல் நீர்த்தேக்கம் காணப்பட்டது. பல்லவனேச்சுரப் பகுதியில் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பௌத்த விகாரம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது.

இவ்விகாரத்தின் காலம் நம் கருத்திற்குரியது. நெடுமுடிக்கிள்ளி தன் மகனை இழந்த துயரால் இந்திர விழாவை மறந்தான் என்றும், அதனால் நகரைக் கடல் கொண்டதென்றும் மணிமேகலை கூறும். அந்நிகழ்ச்சியைச் சங்க காலத்தின் இறுதியில் வைத்து, அத்துடன் நகரமே முடிந்ததெனக் கொள்வார் பலர். ஆனால் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டில் அந்நகரில் விகாரம் எழுந்துள்ளது. 5ஆம் நூற்றாண்டினராகிய புத்ததத்தர் என்னும் பௌத்தப் பேராசிரியர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரத்தில் தங்கிப் பாலி மொழியில் நூல் செய்துள்ளார். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பல்லவனீச்சரத்துக் கோயிலைப் பாடியுள்ளார். விகாரம் கட்டவும், நூல் எழுதவும், கோயிலெடுத்து வழிபடவும் மக்கள் இருந்தமையின், நகரம் ஒருநாளில் முற்றும் மறைந்தது என்னும் கூற்று நில்லாது.

அங்ஙனமாயின் கடல் கொண்டமை பொய்யோ எனின், அன்று. தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1980களிலும் அதன் பின்னும் புகார்க் கடலில் செய்த ஆய்வுகளில், அலை வந்து மீளும் கரையோரத்தில் உறைகிணறுகளும் செங்கற் சுவர்களும் கண்டறியப்பட்டன. உறைகிணறு நன்னீர் பெறுதற்கு அமைப்பது. உவர்நீர் புகும் இடத்தில் எவரும் அதனைத் தோண்டார். இன்று அலை மோதும் இடம் ஒரு காலத்தில் மக்கள் குடிநீர் மொண்ட நிலம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கடல் உண்மையாகவே புகாரின் ஒரு பகுதியைக் கொண்டது. ஆனால் அது கொண்ட முறை, பல நூற்றாண்டுக் காலம் கரையை அரித்து அரித்து முன்னேறிய முறையெனக் கொள்ளுதலே கிடைத்த சான்றுகளுக்கு ஏற்புடையது. கரை பின்வாங்கப் பின்வாங்க மக்கள் மேற்கே நகர்ந்தனர். துறைமுகம் பயன் குன்றியது. வணிகர் வேறிடம் நாடினர்.

சொல் ஒன்று, நிகழ்ச்சி மூன்று

ஈண்டு ஒரு சொற்பொருள் ஆராய்ச்சி இன்றியமையாதது. கடல்கோள் என நம் முன்னோர் ஒரு சொல்லால் குறித்தவற்றுள் குறைந்தது மூன்று வேறுபட்ட நிகழ்ச்சிகள் அடங்கும். அவற்றின் காரணமும் விரைவும் விளைவும் வேறு வேறு.

முதலாவது, கடலடி நில நடுக்கத்தால் எழும் ஆழிப்பேரலை. 2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த பேரலை அன்றைய நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் உயிர் கொண்டது. இது வானிலையோடு தொடர்பற்றது. இரண்டாவது, புயலால் எழும் கடற்பெருக்கு. 1964 திசம்பரில் தனுக்கோடி நகரை ஓரிரவில் அழித்தது இதுவே. மூன்றாவது, ஆற்று வண்டல் வரவு குறைதலாலும் நீரோட்டத்தாலும் கடல்மட்ட மாறுதலாலும் நிகழும் கரையரிப்பு. புகாருக்குச் சற்றுத் தெற்கே தரங்கம்பாடியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதி அலைவாயில் அழிந்தது. அதனை அழித்தது தனியொரு பேரலை அன்று; நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த அரிப்பே.

மூன்றனுள் எது நிகழ்ந்ததென்பதை இலக்கியம் சொல்லாது; மண்ணே சொல்லவேண்டும். 2004ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின் மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்த முருகன் கோயில் இதற்கு எடுத்துக்காட்டாகும். பல்லவர் காலக் கருங்கற் கோயிலின் கீழே, அதனினும் பழைய செங்கற் கோயில் ஒன்று வெளிப்பட்டது. இடையே கடல்மணலும் கிளிஞ்சலும் கலந்த படிவுகள் இருந்தன. கடற்பெருக்கு இருமுறை அக்கோயிலைத் தாக்கியது என்பது அகழ்ந்தோர் கருத்து. செங்கற் கோயில் அழிந்த பின்னரும் அதே இடத்தில் மக்கள் கற்கோயில் எடுத்தனர் என்பது நாம் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி. திடீரென வரும் அழிவு மக்களை எப்பொழுதும் துரத்திவிடுவதில்லை. அவர்கள் மீண்டும் வந்து கட்டுகின்றனர். மெல்ல வரும் மாற்றமே ஊரைப் பெயர்க்கின்றது.

இனிக் கடல் விலகுதலாலும் ஊர் அழியும். பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கை, தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் தூர்ந்து, இன்று கடலினின்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராய்க் கிடக்கின்றது. அதன்பின் சிறந்து விளங்கிய காயலும் அவ்வாறே தூர்ந்தது. புகாரில் கடல் வந்தது. கொற்கையில் கடல் போயிற்று. இரண்டிடத்தும் துறைமுகம் அழிந்தது. கடல் போன ஊருக்கோ காப்பியம் எழவில்லை.

வையைக் கரையின் சான்று

கடற்கரையை விட்டுச் சிவகங்கை மாவட்டத்தின் உள்நிலத்திற்கு வருவோம். திருப்புவனத்தை அடுத்த கீழடியில் 2014-15ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் பருவந்தொட்டுத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அதனைத் தொடர்ந்து நடத்தி வருகின்றது. செங்கற் கட்டடங்கள், உறைகிணறுகள், மூடிய வடிகால்கள், சுடுமண் குழாய்கள், கூரை ஓடுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் முதலியன கிடைத்தமை யாவரும் அறிந்ததே. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிமப் பொருள் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டுள்ளதாக 2019இல் வெளிவந்த அத்துறையின் அறிக்கை கூறும்.

நம் ஆய்விற்கு வேண்டுவது கட்டடங்களைக்காட்டிலும் அவற்றை மூடியிருந்த மண்ணே. மணலும் வண்டலும் களியும் அடுக்கடுக்காய்ப் படிந்து அவ்வூரை மூடியுள்ளன. ஆற்று வெள்ளம் விரைந்து வருங்கால் பருமணலைப் படியவிடும். தேங்கி நிற்குங்கால் நுண்களியைப் படியவிடும். ஆகவே அடுக்கின் பருமையும் நுண்மையும் வெள்ளத்தின் வேகத்தை உரைக்கும். மணற்பரல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கும் முறையும் இன்று உண்டு. அம்முறையால் செய்த அண்மைக்கால ஆய்வு, கீழடிக் கட்டடங்களைப் பெருவெள்ளப் படிவு மூடியது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் என்று காட்டியுள்ளது. வையை இன்று அவ்விடத்தினின்று விலகி ஓடுகின்றது.

இதனைக்கொண்டு வெள்ளமே கீழடியை அழித்ததென உடனே முடிவு கட்டுதல் கூடாது. ஊர் மூடப்பட்ட காலம் வேறு. மக்கள் அதனை விட்டு நீங்கிய காலம் வேறாக இருத்தல் கூடும். மக்கள் குடியிருக்கும் ஊரில் வெள்ளம் படியவிட்ட வண்டலை அள்ளி எறிந்து மீண்டும் வாழ்வர். குடியற்ற ஊரில் வண்டல் கிடந்தபடி கிடக்கும். வண்டல் அகற்றப்படாமல் தடித்துக் கிடத்தல், அகற்றுவார் அங்கு இல்லாமையைக் குறிக்கவும் கூடும். ஆகவே பேரழிவின் தடயத்தைக் காணுமிடத்தெல்லாம், அழிவு முன்னோ, மக்கள் நீங்கியது முன்னோ என்று வினவுதல் வேண்டும். புகாருக்கும் இவ்வினா பொருந்தும்.

வற்கடம்

வெள்ளமும் கடலும் கண்ணிற்குப் புலனாகும் தடயம் விட்டுச் செல்கின்றன. வறட்சி அவ்வாறன்று, அதற்கு அலையில்லை, ஒலியில்லை. எனினும் பண்டைச் சமுதாயங்களை மிகுதியும் மாற்றியது அதுவே என்பது உலகெங்கும் செய்யப்பட்ட ஆய்வுகளால் தெரியவருகின்றது.

ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்தது. மேகாலயக் குகையொன்றில் சொட்டுநீரால் வளர்ந்த கற்படிவம் அதற்குச் சான்று பகர்கின்றமையின், அக்காலந்தொட்டு இன்றுவரை உள்ள நிலவியற் காலப்பகுதிக்கு 2018இல் மேகாலயக் காலம் என்றே பெயரிடப்பட்டது. அத்தளர்ச்சியை ஒட்டிய நூற்றாண்டுகளில் சிந்துவெளிப் பெருநகரங்கள் ஒளி குன்றின. மக்கள் கிழக்கே கங்கை-யமுனைப் பகுதியிலும் தெற்கே குசராத்திலும் சிற்றூர்களாய்ப் பரவினர். அவர்கள் ஒருங்கே மாண்டுவிடவில்லை. பெருநகர வாழ்வை விட்டு வேறு வாழ்வு மேற்கொண்டனர். கம்போச நாட்டு அங்கோர் நகரின் வரலாறும் நினையத்தக்கது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சியும் இடையிடையே கடும்பெருமழையும் நேர்ந்தமையை வியட்நாமிய மரங்களின் ஆண்டுவளையங்கள் காட்டுகின்றன. மாபெரும் நீர்த்தேக்கங்களையும் கால்வாய்களையும் உடைய அந்நகரம், வறட்சியில் தூர்ந்த கால்வாயைப் பெருமழை உடைக்க, அதனைத் திருத்தும் ஆற்றலின்றித் தளர்ந்தது.

தமிழ் மரபிலும் வறட்சியின் நினைவு உண்டு. நாம் அதனைக் கருதுவதில்லை. பாண்டி நாட்டில் பன்னீராண்டு வற்கடம் நேர்ந்ததென்றும், மன்னன் தன்னால் இனிப் புரத்தல் இயலாதெனக் கூறிப் புலவரைப் பிற நாடுகட்குப் போக்கினான் என்றும், மழை பெய்து நாடு தளிர்த்தபின் ஆளனுப்பி அழைத்தபொழுது எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைத்தனரேயன்றிப் பொருளதிகாரம் வல்லாரைக் காணாது வருந்தினான் என்றும் இறையனார் களவியல் உரை கூறுகின்றது. அந்நூல் தோன்றிய வரலாறே இவ்வறட்சியிலிருந்து தொடங்குகின்றது. இவ்வுரை வரலாற்றுச் செய்தியோ கற்பனையோ எவ்வாறாயினும், வறட்சி செய்வது இன்னதென அது நன்குணர்ந்து கூறியுள்ளது. வறட்சி மக்களைச் சிதறச் செய்கின்றது. சிதறிய மக்களோடு கல்வி சிதறுகின்றது. மழை மீண்டாலும் கல்வி முழுதும் மீள்வதில்லை. அதே உரையில் உள்ள கடல்கோளைப் பற்றி நூறு கட்டுரைகள் எழுதிய நாம், வற்கடத்தைப் பற்றி ஒரு சில பக்கங்களேனும் எழுதினோமா என எண்ணிப் பார்த்தல் தகும்.

கண்மாய் தந்த விடை

இனிச் செட்டிநாட்டு மண்ணைக் காண்போம். செம்புறைக்கல் பாவிய மேட்டுநிலம் இது. வற்றாத ஆறு ஒன்றும் இங்கில்லை. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு என்பன மழைக்காலத்தில் ஓடிக் கோடையில் மணலாய்க் கிடப்பவை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்றால் சில வாரங்களுக்குள் பெய்துவிடும். அச்சில வார மழையை ஆண்டு முழுமைக்கும் காத்து வைத்தாலன்றி இங்கு வாழ்தல் இயலாது.

அதற்கெனத் தோன்றியதே கண்மாய். நிலத்தின் சாய்வறிந்து குறுக்கே பிறைவடிவாய்க் கரையெடுப்பர். வரத்துக்கால் வழியே நீர் வந்து உள்வாயில் தேங்கும். மடையும் குமிழியும் அந்நீரை அளந்து வயலுக்கு விடும். மிகுந்த நீர் கலுங்கு வழியே வழிந்து அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்துக்காலில் சேரும். ஒன்றன் கலுங்கு மற்றொன்றின் வாயாக, கண்மாய்கள் சங்கிலியாய்த் தொடர்கின்றன. பெருமழையில் மேற்கண்மாய் வெள்ளத்தைத் தாங்கிக் கீழூரைக் காக்கும். சிறுமழையில் கலுங்கின் உயரமே கீழூருக்குக் கிடைக்கும் நீரை வரையறுக்கும். ஆகவே கலுங்கை ஒரு சாண் உயர்த்தினால் கீழூரார் வழக்கிற்கு வருவர். வையையின் நீரும் இவ்வாறே கண்மாய்தோறும் பகிரப்பட்டு, எஞ்சியது இராமநாதபுரப் பெரிய கண்மாயில் சென்று சேர்கின்றது.

இவ்வமைப்பு எக்காலத்தது? மதுரையில் வையையாற்றிலிருந்து கிடைத்த பாண்டியன் சேந்தனின் 50ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, மடை ஒன்றை அமைத்து அதற்கு அரிகேசரியான் எனப் பெயரிட்ட செய்தியைக் கூறுகின்றது. அது 7ஆம் நூற்றாண்டினது என்பர். செட்டிநாட்டுப் பகுதியிலேயே திருப்பத்தூரை அடுத்த பூலாங்குறிச்சியில் உள்ள பாறைக் கல்வெட்டு அதனினும் முற்பட்டது. கோச்சேந்தன் கூற்றன் என்னும் மன்னன் பெயரையும் 192 என்னும் ஆண்டெண்ணையும் உடைய அதனை அறிஞர் கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதுவர். தேவகுலமும் தாபதப்பள்ளியும் அமைத்தமையையும், நிலத்தை உடையார், உழுவார் ஆகியோரின் உரிமைகளையும் அது வகுத்துரைக்கின்றது. குன்றக்குடிக் குன்றில் தமிழிக் கல்வெட்டு உண்டு. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் எக்காட்டூர்க் கோன் பெருந்தசன் என்னும் சிற்பியின் பெயர் பழைய எழுத்தில் உள்ளது.

இவையெல்லாம் ஓர் உண்மையை நிறுவுகின்றன. மரபு கூறும் 707ஆம் ஆண்டில் வணிகர் வந்து சேர்ந்தது ஆளில்லாப் பாழ்நிலம் அன்று. ஆங்கு உழவர் இருந்தனர், தச்சர் இருந்தனர், துறவியர் இருந்தனர், நீரையும் நிலத்தையும் பகிர்ந்துகொள்ளும் முறை இருந்தது. வறட்சியை எதிர்நோக்கிய மக்கள் பன்னூறாண்டுகளாகக் கரை போட்டும் குளம் வெட்டியும் அந்நிலத்தை வாழ்தற்குரியதாக்கியிருந்தனர். கடலால் பெயர்ந்தோர் வந்து தங்க முடிந்தது, வறட்சியை முன்னரே வென்றிருந்தோர் ஆங்கு இருந்தமையால் எனல் பொருந்தும். இளையாற்றங்குடி என்னும் ஊர்ப்பெயரே ஆற்றையும் குடியையும் இணைத்துக் கூறுகின்றது. இப்பகுதியில் ஏந்தல், தாங்கல், ஊருணி, வயல் என முடியும் ஊர்ப்பெயர்கள் பலவாதலும் இக்கருத்திற்கு அரணாகும்.

மனையும் ஊருணியும்

இந்நெறியில் நோக்கின் செட்டிநாட்டு மனைகளின் உயர்ந்த அடித்தளத்திற்கும் வேறு விளக்கம் கிடைக்கின்றது. இன்று நாம் காணும் பெருமனைகளிற் பெரும்பாலன 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே, பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் ஈட்டிய பொருளால் எழுந்தவை. கடல் எட்டாத மேட்டுநிலத்தில், கடல்கோளுக்கு ஆயிரம் ஆண்டின் பின்னர் எழுந்த மனை கடலுக்கு அஞ்சி உயர்ந்ததென்பதற்குக் கட்டடச் சான்று இல்லை. சான்று உள்ளது மழைக்கே. ஓடு வேய்ந்த கூரை நாற்புறமும் முற்றத்தை நோக்கிச் சாய்ந்து நீரைத் திரட்டுகின்றது. முற்றத்து நீர் பாத்திரத்திலும் கிணற்றிலும் சேர்கின்றது. எஞ்சியது வடிகால் வழியே தெருவிற்கும், தெருக்கால் வழியே ஊருணிக்கும் செல்கின்றது. அடித்தளம் உயர்ந்திருத்தலாலன்றோ இந்நீர் சாய்வறிந்து ஓடுகின்றது? சில வாரப் பெருமழையினின்று மனையைக் காத்தலும் அதனாலேயே கூடுகின்றது.

ஊருணி என்பது ஊரார் உண்ணும் நீர்நிலை. செம்புறைக்கல்லால் படியமைத்து, குளித்தலையும் துவைத்தலையும் விலக்கி, குடிநீருக்கெனவே அதனைக் காப்பர். ஒப்புரவாளனின் செல்வத்திற்குத் திருவள்ளுவர் ஊருணியையே உவமை கூறினார். வறண்ட நிலத்தில் வாழ்ந்தாரே அவ்வுவமையின் முழுப்பொருளையும் உணர்வர்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன போதரும். புகாரின் ஒரு பகுதியைக் கடல் கொண்டமை உண்மை. ஆயின் அது ஒருநாள் அழிவாகவன்றி நெடுங்கால அரிப்பாகவே மிகுதியும் நிகழ்ந்தது. நகரத்தார் பெயர்ச்சிக்கு அது ஒரு காரணமாயிருத்தல் கூடும். மரபுரை தானே கூறும் அரசியல் காரணங்களையும் தள்ளுதல் ஆகாது. செட்டிநாட்டு வாழ்வின் வடிவை வகுத்தது ஒருமுறை வந்த கடலைக்காட்டிலும் அடிக்கடி பொய்த்த மழையே. அதற்கு மக்கள் கண்ட விடையே கண்மாயும் ஊருணியும். கடல்கோளைப் பற்றிய கதையில் இயற்கையே தலைமகன். மக்கள் அதனால் அலைக்கப்பட்டோர். கண்மாயின் வரலாற்றிலோ மக்களே தலைமக்கள். முன்னதை மட்டும் சொல்லி வந்தால் மண் சுமந்து கரை போட்டவர், மடை திறந்த நீர்பாய்ச்சி, கல் செதுக்கிய தச்சர் ஆகிய யாவரும் வரலாற்றில் இடமின்றிப் போவர்.

இனிச் செய்யவேண்டுவன இரண்டு. கண்மாய் உள்வாயில் அடுக்கடுக்காய்ப் படிந்த வண்டலே இந்நிலத்தின் மழை வரலாறு. மகரந்தமும் கரித்துகளும் அதனுள் அடங்கியுள்ளன. தூர்வாருதல் வேண்டுவதே, எனினும் பொறிகளால் ஆழமாக வாரி விற்கப்படும் மண்ணோடு அவ்வரலாறும் போய்விடுகின்றது. வாருதற்கு முன்னர் ஓரிடத்திலேனும் அடிவரை மண்படிவெடுத்துக் காத்தல் வேண்டும். அடுத்து, மடைக்கல்லிலும் குமிழித்தூணிலும் உள்ள எழுத்துகள். இவை கரையோரங்களில் துணி துவைக்கும் கல்லாயும் கிடக்கின்றன. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கண்மாய் ஒன்றன் பெயர், மடை, கலுங்கு, கல்லெழுத்து, நீர்ப்பங்கீட்டு வழக்கு, அவ்வழக்கில் பயிலும் சொற்கள் ஆகியவற்றைத் தொகுத்தளிப்பாராயின், நிலநூலாரும் தொல்லியலாரும் செய்யும் ஆய்விற்குத் தமிழ்த்துறை அளிக்கும் பெருந்துணை அதுவாகும். சொல் வழக்கு ஒழியுமுன் இப்பணி தொடங்கப்பெறுதல் நலம்.